மூன்று நாள் பாதை, ஒரு நாள் காடு: சாதாரண ஓட்டக்காரருக்கான ஓரியன்ரியரிங் வழிகாட்டி

ஒஸ்லோவில் ஐந்தாம் இலக்க மெற்றோ போய் முடியும் இடம் சொங்ஸ்வான். ஞாயிறு காலை அந்த ரயிலில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். முதல் வகையினர் ஏரியைச் சுற்றி ஓட வந்தவர்கள். ஒரு சுற்று 3.3 கிலோமீற்றர், நல்ல மட்டமான பாதை. இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் தட்டிவிட்டு ஓடத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் வகையினரின் சப்பாத்தில் போன கிழமைச் சேறு அப்படியே காய்ந்திருக்கும். காலுறை முழங்கால்வரை ஏறியிருக்கும். கையில் மடித்த வரைபடம் ஒன்று இருக்கும். ஏரிப்பக்கம் போகாமல் நேரே காட்டுக்குள் இறங்கி மறைந்துவிடுவார்கள். இவர்கள் ஓரியன்ரியரிங்காரர்கள், வரைபடத்தை வைத்துக் காட்டில் இடம் தேடி ஓடுபவர்கள்.

நான் பல வருடங்கள் முதல் வகையாக இருந்தேன். இப்போது கிழமையில் மூன்று நாள் முதல் வகை, ஞாயிறன்று இரண்டாம் வகை. வேலை, பிள்ளைகள், வீட்டு அலுவல் எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த இரண்டையும் ஒரே கிழமைக்குள் எப்படி அடக்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்து கிலோமீற்றரை நிற்காமல் மெதுவாகவேனும் ஓடக்கூடிய எவருக்கும் இது சரிவரும். எல்லாம் சேர்த்துக் கிழமைக்கு நான்கரை மணித்தியாலம் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டு நாளை இருக்கிற பயிற்சிக்கு மேலதிகமாக வைக்காதீர்கள். நீண்ட ஓட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காட்டை வையுங்கள். நான் முதல் கோடையில் சனிக்கிழமை 15 கிலோமீற்றரும் ஞாயிறு காடும் என்று இரண்டையும் செய்தேன். ஓகஸ்ட் மாதம் முழுக்க வலது குதிக்கால் வலியோடு போனது.

இது என்ன விளையாட்டு

காட்டுக்குள் ஆங்காங்கே அடையாளங்களை வைத்திருப்பார்கள். நோர்வேயில் அதற்குப் போஸ்ட் என்று பெயர். போட்டியென்றால் செம்மஞ்சளும் வெள்ளையுமான துணிக்கொடி தொங்கும். வரைபடத்தில் ஊதா நிறத்தில் முக்கோணம் இருந்தால் அது தொடக்கம், ஒற்றை வட்டம் போஸ்ட், இரட்டை வட்டம் முடிவு. ஒரு போஸ்டிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்பது முழுக்க உங்கள் விருப்பம். குன்றைத் தாண்டலாம், சுற்றிப் போகலாம், சதுப்பை நடுவால் அறுத்துக்கொண்டும் போகலாம். கையில் வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே.

பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்ததும் இந்த ஒஸ்லோப் பக்கத்தில்தான். 1897 ஒக்ரோபர் 31 அன்று த்யால்வெ என்ற கழகம் அதை நடத்தியது. பின்னர் சுவீடனில் ஏர்ன்ஸ்ட் சில்லாண்டர் என்ற இராணுவ மேஜர் இளைஞர்களை மறுபடி ஓட்டத்துக்கு இழுப்பதற்காக இதைப் பெரிதாக்கினார். சர்வதேச சம்மேளனம் 1961இல் அமைந்தது. முதல் உலகப் போட்டி 1966இல் பின்லாந்தில் நடந்தது.

நமக்கு வேண்டியது போட்டியல்ல. நோர்வேயில் தூர்-ஓ என்று ஒன்று இருக்கிறது. தூர் என்றால் உலா. வசந்தத்தில் உள்ளூர்க் கழகங்கள் காட்டில் போஸ்டுகளைக் கட்டிவிட்டு, வரைபடப் பொதியை விற்கும். இலையுதிர் காலம்வரை அவை அங்கேயே இருக்கும். உங்களுக்கு வசதியான நாளில், வசதியான வேகத்தில் தேடிப் போய், போஸ்டில் உள்ள குறியீட்டைப் பதிவுசெய்ய வேண்டும். யாரும் நேரம் எடுப்பதில்லை. ஓடலாம், நடக்கலாம், பிள்ளைகளோடு போய் நடுவில் புளுபெரி பிடுங்கிக்கொண்டு உட்காரலாம். போஸ்டுகளுக்குக் கடினத்தைப் பொறுத்து நிறம் உண்டு. பச்சையில் தொடங்குங்கள். கறுப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

நகரத்துக்குள் இதையே இன்னும் இலகுவாகச் செய்ய ஸ்டொல்பெயாக்தென் இருக்கிறது. பூங்கா, பள்ளிக்கூட மூலை, ஆற்றங்கரை என்று பல இடங்களில் கம்பங்கள் நட்டிருப்பார்கள். காசு இல்லை, தொலைபேசிச் செயலி போதும். வேறு நாட்டில் இருப்பவர்கள் ஓப்பின்ஸ்ட்ரீற்மப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவிலிருந்து ஓரியன்ரியரிங் வரைபடம் உருவாக்கித் தரும் தளங்களையும், போஸ்டுக்குப் போனதைத் தொலைபேசியே பதிவுசெய்யும் மப்ரன் செயலியையும் தேடிப் பாருங்கள். காடே இல்லாத ஊரிலும் பயிற்சிக்கு அது உதவும்.

என்ன வாங்க வேண்டும், என்ன வேண்டாம்

திசைகாட்டி ஒன்று வேண்டும். அடித்தட்டு உள்ள சாதாரணமானதே போதும். இந்த வகைத் திசைகாட்டியைப் பரப்பிய சில்வா நிறுவனம் சுவீடனில் 1933இல் தொடங்கியது, தொடங்கியவர்களும் ஓரியன்ரியரிங் ஓடியவர்களே. கட்டைவிரலில் மாட்டும் வகை வேகமாக ஓடுபவர்களுக்கானது. முதல் வருடம் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

சப்பாத்து, காட்டுப்பாதை ஓட்டத்துக்கான பல்லுள்ள அடிப்பாகத்தோடு இருந்தால் நல்லது. தெருவில் ஓடும் மெத்தென்ற சப்பாத்து நனைந்த பாறையில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், உயரமான குதியினால் கணுக்கால் மடங்கும். அனுபவசாலிகள் உலோகப் பொட்டுப் பதித்த சப்பாத்துப் போடுவார்கள். மழைநாளில் அவர்கள் விழுந்த மரத்தின்மேல் ஓடிப்போவதைப் பார்த்துப் பொறாமைப்படுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீளக் காற்சட்டை கட்டாயம். வரைபடத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் உறை, ஒரு விசில். தொலைபேசியைத் தண்ணீர் போகாத பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், அது வழிகாட்ட அல்ல, ஆபத்துக்கு. மற்றதெல்லாம் வீட்டில் ஏற்கனவே இருக்கும்.

திங்கள்: கணுக்கால்

ஓட்டம் இல்லை. ஞாயிறு காட்டில் கால்கள் எதிர்பாராத பக்கமெல்லாம் திரும்பியிருக்கும். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், மேல் வரிசைக்கு ஒரு கால், கீழ் வரிசைக்கு மறு கால். சில நாளில் இலகுவாகிவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பிறகு படிக்கட்டு விளிம்பில் நின்று குதியை மெதுவாக ஏற்றி இறக்குவது, 12 தடவை வீதம் மூன்று முறை. பத்து நிமிட வேலைதான். ஆனால் இந்தக் கிழமையில் எதையாவது விட வேண்டிவந்தால் ஓட்டத்தில் ஒன்றை விடுங்கள், இதை விடாதீர்கள்.

செவ்வாய்: நாலுக்கு நாலு

துரொண்ட்ஹைம் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரபலமாக்கிய பயிற்சி இது. நோர்வேயில் ஓடாதவருக்கும் பெயர் தெரியும். 10 நிமிடம் இலேசாக ஓடி உடலைச் சூடாக்குங்கள். பிறகு நான்கு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. கடினம் என்றால் உங்கள் உச்ச இதயத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம். இடைவேளையில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் போதும், நிற்கக் கூடாது. கடைசியில் ஐந்து நிமிடம் இலேசான ஓட்டம். மொத்தம் 40 நிமிடம். துடிப்புக் கருவி இல்லையென்றால் ஒரு சோதனை: கடினப் பகுதியின் முடிவில் இரண்டு சொல் பேச முடியும், முழு வசனம் வராது.

புதியவர்கள் முதல் நான்கு நிமிடத்தைப் பறந்து ஓடிவிட்டு மூன்றாவதில் நடப்பார்கள். நான்காவது முறை முதலாவதைவிடச் சற்று வேகமாக முடிந்தால் சரியாக ஓடினீர்கள் என்று அர்த்தம். மேட்டுப்பாதையில் செய்தால் இன்னும் நல்லது. துடிப்பு இலகுவாக ஏறும், மூட்டுக்கு அடி குறையும், காட்டுக் குன்றுக்கும் பழக்கமாகும்.

இதில் என் சொந்தச் சேர்க்கை ஒன்று உண்டு. மூன்று நிமிட இடைவேளையில் பழைய வரைபடம் ஒன்றை எடுத்து, மூன்றாம் போஸ்டிலிருந்து நான்காம் போஸ்டுக்கு எந்த வழி என்று கேட்டுக்கொள்வேன். இளைக்கும்போது முதலில் மங்குவது புத்தி. கண் வரைபடத்தில் இருக்கும், ஒன்றும் விளங்காது. குன்றேறி மூச்சு வாங்க நிற்கும்போது நடக்கும் பிழைகளுக்கு இதுவே காரணம். அந்த நிலையில் வாசித்துப் பழகியவருக்குக் காட்டில் பாதிப் பிழை குறையும்.

புதன்: தேத்தண்ணீரும் வரைபடமும்

கால் ஓய்வு, கண்ணுக்கு வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் மேசையில் வரைபடத்தை விரித்து வையுங்கள்.

காட்டு ஓரியன்ரியரிங் வரைபடத்தின் அளவுத்திட்டம் பொதுவாக 1:15,000 அல்லது 1:10,000. இரண்டாவதில் ஒரு சென்ரிமீற்றர் என்பது தரையில் 100 மீற்றர். நகரத்துக்குள் நடக்கும் குறுந்தூர ஓட்டத்துக்கு 1:4,000. அளவுத்திட்டத்தை முதலில் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் ஓடி, அரைவாசித் தூரத்திலேயே நின்று போஸ்டைக் காணவில்லை என்று மரத்தோடு கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

நிறங்கள் நம்மை நன்றாக ஏமாற்றும். வெள்ளை வெட்டவெளி அல்ல. நன்றாக ஓடக்கூடிய காடுதான் வெள்ளை. பச்சை ஏற ஏற அடர்த்தி கூடும். கடும்பச்சைக்குள் நுழைந்தால் கையால் விலக்கிக்கொண்டுதான் நகர முடியும். வெட்டவெளிக்கு மஞ்சள். நீலம் தண்ணீர், நீலக் கோடுகள் போட்ட பகுதி சதுப்பு. கறுப்பு என்றால் பாறை, செங்குத்து, பாதை, கட்டடம். மஞ்சள் கலந்த ஒலிவ் பச்சை வீட்டு வளவு, அதற்குள் கால் வைக்கக் கூடாது. கபிலம் நிலத்தின் வடிவம்.

சிரமம் அந்தக் கபிலத்தில்தான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குக் குளக்கட்டுத்தான் மேடு. சமவுயரக் கோடு என்பது புவியியல் பரீட்சையோடு முடிந்துபோன விஷயம். ஒஸ்லோக் காட்டில் அந்தக் கோடுகள்தான் எல்லாம். பாதை அழியலாம், மரத்தை வெட்டுவார்கள், பச்சை நிறம் ஐந்து வருடத்தில் மாறிவிடும். குன்று அங்கேயே இருக்கும்.

எனக்கு விளங்கியது உருளைக்கிழங்கினால். கோணல்மாணலான கிழங்கு ஒன்றைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். ஒரே கனத்தில் கிடைத் துண்டுகளாக வெட்டுங்கள். மிகப் பெரிய துண்டைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு கீறுங்கள். அடுத்த துண்டை அதே இடத்தில், பிறகு அடுத்தது. இப்போது தாளில் இருப்பது அந்தக் கிழங்கின் வரைபடம். சரிவு செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும், மெதுவாக இறங்கும் பக்கத்தில் விலகியிருக்கும். கிழங்கு வெளியே புடைத்த இடத்தில் கோடும் வெளியே வளையும். நோர்வேக்காரர் அதை மூக்கு என்பார்கள். உள்ளே குழிந்த இடம் நீரோடும் பள்ளம். இரண்டு புடைப்புக்கு நடுவில் தாழ்ந்த இடம் சேணம். காட்டு வரைபடத்தில் ஒவ்வொரு துண்டின் கனமும் பெரும்பாலும் ஐந்து மீற்றர். கிழங்கை வீணாக்க வேண்டாம், அடுத்த நாள் பிரட்டலுக்கு ஆகும்.

கடைசியாக, வரைபடத்தின் குறுக்கே போகும் வடக்குக் கோடுகள். இவை காந்த வடக்கைக் காட்டுபவை. ஆகவே கூட்டல் கழித்தல் ஒன்றும் வேண்டாம். திசைகாட்டி ஊசியை இந்தக் கோட்டோடு சமாந்தரமாக்கினால் வரைபடம் தரையோடு பொருந்திவிடும்.

வியாழன்: பெருவிரல் ஓட்டம்

45 நிமிடம், முழுக்கக் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம். நகரக் கம்பங்களைத் தேடும் ஓட்டத்தை இன்று வையுங்கள், ஐந்தாறு கம்பம் போதும்.

பழக வேண்டியவை இரண்டு. முதலாவது, வரைபடத்தைச் சின்னதாக மடித்து, நீங்கள் நிற்கும் இடத்தில் பெருவிரலை வைப்பது. ஒவ்வொரு சந்தியிலும் விரலை நகர்த்துங்கள். இரண்டாவது, நீங்கள் திரும்பினால் வரைபடத்தையும் திருப்புவது. எழுத்துத் தலைகீழாகப் போகும், போகட்டும். முன்னால் இருப்பது வரைபடத்திலும் முன்னால் இருக்க வேண்டும், இடப்பக்கத்து வீடு இடப்பக்கம் இருக்க வேண்டும். நாளேடு வாசிப்பது போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் திருப்பிப் பார்ப்பவர்கள்தான் சந்தியில் தவறான பக்கம் போவார்கள். ஆறு மாதம் நானும் அப்படித்தான்.

100 மீற்றருக்கு எத்தனை காலடி என்பதையும் இன்றே எண்ணிக்கொள்ளுங்கள். வலது கால் தரையைத் தொடும்போது மட்டும் எண்ண வேண்டும். எனக்குப் பாதையில் 42, காட்டில் 55, ஏற்றத்தில் கணக்கே இல்லை. உங்கள் எண் வேறாக இருக்கும்.

வெள்ளி, சனி

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. ஓட்டமும் இல்லை.

சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, அங்கேயே காரிலிருந்து சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் இலேசாக ஓடுவேன். கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் நான்கு தடவை, நடுவில் நன்றாக நடை. மற்ற அப்பாக்கள் கன்ரீனில் இருந்து வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் கூடவே ஓட வருகிறார்கள். இரவுக்குப் புட்டோ இடியப்பமோ, உறைப்பைக் கொஞ்சம் குறைத்து. காட்டு நடுவில் வயிறு கலக்கினால் வரைபடத்தில் அதற்குக் குறியீடு இல்லை.

ஞாயிறு: காடு

ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். தூரத்தைப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் போஸ்டுகளுக்கிடையே நேர்கோட்டில் நான்கு கிலோமீற்றர் என்றால் கால் ஐந்தரை ஓடியிருக்கும். ஒரு மீற்றர் ஏற்றத்தைச் சமதரையில் எட்டுப் பத்து மீற்றராகக் கணக்கு வையுங்கள். பாதையில் கிலோமீற்றருக்கு ஆறு நிமிடம் எடுக்கும் எனக்குக் காட்டில் பதினான்கு ஆகும். கடிகாரத்தில் வேகத்தைக் காட்டும் பக்கத்தை மறைத்துவிட்டேன். பார்த்தால் மனம் சும்மா ஓடச் சொல்லும். வாசிக்கும் வேகத்துக்கு மேல் ஓடினால் அந்த ஓட்டம் முழுக்கத் திரும்பி வருவதற்கே செலவாகும்.

முதல் ஞாயிறு பச்சைப் போஸ்ட் நான்கு மட்டும் எடுங்கள். ஒவ்வொரு போஸ்டுக்கும் புறப்படுமுன் மூன்று கேள்வி. அவற்றுக்கு நான் வைத்திருக்கும் பெயர்கள் கைப்பிடி, வேலி, வாசற்படி.

கைப்பிடி என்பது கூடவே வரும் நீளமான ஏதாவது ஒன்று. பாதை, ஓடை, சதுப்பின் விளிம்பு, மின்கம்பி வரிசை, ஒரு நீண்ட பள்ளம். மாடிப்படிக் கைப்பிடி போல அதைப் பிடித்துக்கொண்டு போனால் வாசிக்க வேண்டியது குறையும், நன்றாக ஓடலாம்.

வேலி என்பது போஸ்டைத் தாண்டிவிட்டால் உங்களை மறிக்கும் ஒன்று. போஸ்டுக்கு 80 மீற்றர் பின்னால் பெரிய பாதை குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறிவிட்டால் தாண்டிவிட்டோம் என்று தெரியும். எங்கள் ஊரில் அடுத்த வளவுக்குள் போகாமல் பனையோலை வேலி மறித்ததைப் போலத்தான். வேலி இருக்கும் போஸ்டுக்குத் துணிந்து ஓடலாம். வேலி இல்லாத போஸ்டுக்கு அரைவாசியிலேயே நடைக்கு மாறிவிடுங்கள்.

வாசற்படி மூன்றில் முக்கியமானது. போஸ்டுக்கு அருகே, ஆனால் போஸ்டைவிட இலகுவாகக் கண்டுபிடிக்கக்கூடிய இடம். பாதைச் சந்தி, சதுப்பின் கூர் மூலை, பெரிய செங்குத்துப் பாறையின் முனை. முதலில் அங்கே போய், அங்கிருந்துதான் போஸ்டைத் தேட வேண்டும். வாசற்படிவரை ஓட்டம். வாசற்படியில் ஒரு நொடி நின்று, திசைகாட்டியை வைத்துத் திசை எடுத்து, தூரத்தை அளந்து, காலடி எண்ணிக்கொண்டு நடை. 300 மீற்றருக்குக் கண்ணை மூடிக்கொண்டு திசை பிடித்துப் போனால் எங்காவது போய் நிற்பீர்கள். 60 மீற்றருக்கு அந்தப் பிழை வராது.

திசை எடுப்பது இப்படி. அடித்தட்டின் நீள விளிம்பை வாசற்படியிலிருந்து போஸ்டுவரை பொருத்துங்கள், தட்டிலுள்ள அம்பு போகும் பக்கம் பார்க்க வேண்டும். தட்டின்மேல் சுழலும் வட்டத்தைத் திருப்பி அதன் உட்கோடுகளை வரைபடத்து வடக்குக் கோடுகளோடு சமாந்தரமாக்குங்கள், வட்டத்தின் வடக்கு வரைபடத்தின் வடக்கைப் பார்க்க வேண்டும். திசைகாட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்து, ஊசியின் சிவப்பு முனை வட்டத்து வடக்குக் குறியில் வந்து நிற்கும்வரை உடம்போடு திரும்புங்கள். இப்போது அம்பு காட்டும் திசையில் தூரத்து மரம் ஒன்றைத் தெரிந்து, அதை நோக்கிப் போங்கள். கீழே ஊசியைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பாறையில்தான் முட்டுவீர்கள்.

அப்புறம் ஒரு பழைய தந்திரம். ஓடையும் பாதையும் வெட்டும் இடத்தில் போஸ்ட் இருக்கிறது என்றால் நேரே அதைக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே இடப்பக்கம் 40 மீற்றர் தள்ளிக் குறிவையுங்கள். ஓடையை அடைந்ததும் வலப்பக்கம் திரும்பினால் போதும் என்று தெரியும். நேரே போய்ச் சற்றுப் பிசகினால், இடமா வலமா என்று ஓடைக்கரையில் திகைத்து நிற்க வேண்டிவரும்.

போஸ்டைக் கண்டதும் முதலில் குறியீட்டைப் பாருங்கள். வேறு யாருடைய போஸ்டாகவும் இருக்கலாம். பதிவுசெய்துவிட்டு, நிற்காமல் பத்தடி விலகி, அங்கே நின்று அடுத்ததற்கு மூன்று கேள்வி.

தொலைந்தால்

தொலைவீர்கள். என் கதையைச் சொல்கிறேன். நீள்சதுரமான சதுப்பு ஒன்றின் வடக்கு மூலை என் வாசற்படி. சதுப்பு வந்தது, மூலையும் வந்தது, திசை எடுத்துப் போனேன், போஸ்டைக் காணவில்லை. சின்னப் பாறை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பாறை இருந்தது. சரி, வரைபடம் கீறியவர் பிழைவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். 40 நிமிடம் அதே இடத்தைச் சுற்றினேன். உண்மையில் நான் நின்றது பக்கத்துச் சதுப்பில். இரண்டும் ஒரே வடிவம், நடுவில் ஒரு சின்ன மூக்கு மட்டும்தான்.

தரையை வரைபடத்துக்குப் பொருந்தும்படி மனம் திருத்திக்கொள்வதுதான் இந்தப் பிழையின் சூத்திரம். ஒரு பொருத்தமின்மை கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள், இரண்டு பட்டால் நில்லுங்கள். வரைபடத்தை வடக்குக்குத் திருப்பி, கடைசியாக நூறு வீதம் நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று கேளுங்கள். அங்கிருந்து எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் வந்தோம்? அதில் விடை வரவில்லையென்றால் அந்த நிச்சயமான இடத்துக்கே திரும்பிப் போங்கள். ஐந்து நிமிடம் நட்டம், ஆனால் நாற்பது அல்ல. அதுவும் முடியாவிட்டால் வரைபடத்தில் பெரிய வேலி எது என்று பாருங்கள், பெரிய பாதை அல்லது ஏரி. திசைகாட்டியை வைத்து அதை நோக்கி நேரே நடந்துவிடுங்கள்.

நோர்வேயில் 1937இலிருந்து விற்கும் குவிக் லுன்ஷ் என்ற சொக்கிளேற்றின் உறைக்குள் மலைவிதிகளை அச்சிட்டிருப்பார்கள். காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றில் ஒன்று. அந்த 40 நிமிடத்துக்குப் பிறகு உறையைப் பிரித்துச் சாப்பிட்டபோதுதான் அதை முதல்முறை ஒழுங்காக வாசித்தேன்.

போட்டிக்குப் போனால் ஒரு விதியை மறக்காதீர்கள். பாதியில் விட்டாலும் முடிவிடத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் இருட்டும்வரை உங்களைக் காட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உண்ணி, எல்க், வேட்டை

நோர்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிர்செய்யாத நிலத்தில் எவரும் நடமாடலாம், யாருடைய காணியாக இருந்தாலும். விளைநிலமும் வீட்டு வளவும் அதில் சேராது. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டுக்குத் தனியாக 2009இல் ஒரு பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இந்த உரிமை இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இங்கே இல்லை. ஆகவே வேலிகளை மிதிக்காதீர்கள், குப்பையைக் கொண்டுவந்துவிடுங்கள். ஓட்டம் முடிந்து குளிக்க ஆசையென்றால் சொங்ஸ்வானில் இறங்குங்கள். பக்கத்து மரிதால்ஸ்வான் ஏரி ஒஸ்லோவின் குடிதண்ணீர், அதில் குளிக்கக் கூடாது.

கோடையில் உண்ணிதான் உண்மையான ஆபத்து, கரடியோ ஓநாயோ அல்ல. வீட்டுக்கு வந்ததும் குளிக்குமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளென்றால் தலைமுடி ஓரம், எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து எடுங்கள். எண்ணெய் பூசாதீர்கள். அடுத்த கிழமைகளில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் வைத்தியரிடம் போங்கள்.

எல்க் எனும் பெரிய காட்டு மான் மே, ஜூனில் கன்றோடு நிற்கும். கண்டால் அழகு பார்க்க நிற்காமல் பெரிய வட்டம் போட்டு விலகுங்கள். பெரும்பாலான இடங்களில் செப்ரெம்பர் 25இலிருந்து எல்க் வேட்டை தொடங்கும். அதன்பிறகு பளிச்சென்ற நிறத்தில் மேற்சட்டை போடுங்கள். எந்தக் காட்டுக்குப் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று வீட்டில் சொல்லாமல் வெளிக்கிடாதீர்கள். உள்காட்டில் சில இடங்களில் தொலைபேசிக்கு இணைப்புக் கிடைக்காது. அம்புலன்ஸ் இலக்கம் 113.

டிசெம்பரில் மூன்றேகாலுக்கு முன்பே பொழுது பட்டுவிடும், தூர்-ஓ போஸ்டுகளும் இராது. அப்போது ஞாயிற்றை விளக்குப் போட்ட காட்டுப்பாதைக்கு மாற்றிக்கொண்டு, புதன் மேசையை மட்டும் விடாமல் வைத்திருங்கள்.

ஞாயிறு மாலை

சப்பாத்தைக் கழுவி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஒருக்கா தாளை மாற்ற வேண்டும். சூடாக்கியின்மேல் வைத்தால் அடிப்பாகம் கழன்றுவிடும்.

பிறகு சிவப்புப் பேனா. கடிகாரத்துப் பதிவைப் பார்க்காமல், நினைவிலிருந்தே நீங்கள் போன வழியை வரைபடத்தில் கீறுங்கள். அதன்பிறகு பதிவைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் விலகும் இடத்தில்தான் அடுத்த புதனுக்கான பாடம் இருக்கிறது. ஓரத்தில் ஒவ்வொரு பிழைக்கும் எத்தனை நிமிடம் போனது, காரணம் என்ன என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள். என் போன கிழமை வரைபடத்தில் இருப்பது: "4ஆம் போஸ்ட், 6 நிமிடம், வாசற்படி பார்க்கவில்லை. 7ஆம் போஸ்ட், 3 நிமிடம், புளுபெரி."